குழாய் இழுபடாமல் இருக்க: வீட்டு நோயாளிக்குச் சிறுநீர்க் குழாயையும் மூக்குக் குழாயையும் பிடித்து வைக்கும் முறை

கோயம்புத்தூரில் சிகிச்சை முடித்து, வேலந்தாவளம் வழியாகவோ வாளையார் வழியாகவோ கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள எங்கள் சிற்றூர் வட்டாரத்துக்குத் திரும்பும் முதியவர்களில் பலர் உடம்பில் ஏதேனும் ஒரு குழாயோடு வந்து சேர்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துகளின் பெயரும் வேளையும் தெளிவாக இருக்கும். அந்தக் குழாயை உடம்பில் எந்த இடத்தில், எதைக் கொண்டு, எவ்வளவு தொய்வு விட்டுப் பிடித்து வைக்க வேண்டும் என்பது மட்டும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. கேரள அரசு 2008-ஆம் ஆண்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென (பாலியேட்டிவ் கேர்) ஒரு கொள்கையை அறிவித்ததால், இங்கே பஞ்சாயத்து தோறும் வீடு தேடி வரும் செவிலியர் இருக்கிறார். ஆனாலும் அவர் வந்து போகும் நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் நடுவில் குழாயைக் காப்பது வீட்டில் இருப்பவர்களின் கைகள்தான். கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில் அப்படி வீடு வீடாகச் செல்லும் செவிலியர்களில் ஒருத்தியாகிய நான், அந்தக் கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தக் குழாயாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: யாரேனும் தெரியாமல் இழுத்துவிட்டால் அந்த இழுப்பு எங்கே போய் நிற்கும்? குழாய் உடம்புக்குள் நுழையும் வாயில் போய் நின்றால் உள்ளே காயம். வழியிலேயே தோலில் ஒட்டிய பிடிப்பில் நின்றுவிட்டால் ஒன்றும் ஆகாது. எனவே பிடிப்புக்கும் நுழைவாய்க்கும் நடுவில் தொய்வு இருக்க வேண்டும், பிடிப்புக்கு அப்பால் எவ்வளவு இழுத்தாலும் அந்தத் தொய்வு குறையக் கூடாது. கீழே நான் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

இதை நான் என் வீட்டிலேயே பட்டு அறிந்தேன். என் மாமனாரை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த நாளில், சிறுநீர்க் குழாய் தொடையில் எங்கும் ஒட்டப்படாமல், நேராகப் பையோடு தொங்கிக் கொண்டிருந்தது. நான் செவிலியாக இருந்தும் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் காரை விட்டு அவர் இறங்கும்போது பையின் கொக்கி இருக்கையின் அடியில் மாட்டிக் கொண்டது. அவர் ஒரு எட்டு வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் பையில் இரத்தம் கலந்தே வந்தது. ஒரு சாண் டேப் அந்த இரண்டு நாளையும் தடுத்திருக்கும்.

சிறுநீர்க் குழாய்

வீடுகளில் அதிகம் காண்பது இதுதான். 1930களில் இதை வடிவமைத்த அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபோலியின் பெயரால் ஃபோலி கத்தீட்டர் என்று அழைக்கிறோம். குழாய் வெளியே வந்துவிடாமல் இருக்க, அதன் நுனியில் உள்ள சிறு பலூனில் பெரும்பாலும் 10 மில்லிலிட்டர் வரை சுத்திகரித்த நீரை ஏற்றி வைத்திருப்பார்கள். உப்பிய அந்தப் பலூன் ஏறத்தாழ ஒரு நெல்லிக்காய் அளவு இருக்கும். பெரியவர்களுக்குப் பொதுவாகப் போடும் 16-ஆம் எண் குழாயின் குறுக்களவு 5 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்த வழியாக நெல்லிக்காயை இழுத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், பிடிப்பு ஏன் வேண்டும் என்பது விளங்கிவிடும். 2 லிட்டர் கொள்ளும் பை நிறைந்தால் அதன் எடை 2 கிலோ. அது கட்டிலின் சட்டத்தில் மாட்டப்படாமல் குழாயிலேயே தொங்குமானால், கடையில் வாங்கிய இரண்டு கிலோ பருப்பை அங்கே கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும்.

பெண்களுக்குத் தொடையின் உட்பக்கமோ முன்பக்கமோ ஏற்ற இடம். குழாய் தொடையின் மேலாகச் செல்ல வேண்டும். அடியில் போனால் உடம்பின் பாரத்தில் நசுங்கி ஓட்டம் நிற்பதோடு, தோலிலும் குழாயின் தடம் புண்ணாக விழும். ஆண்களில் எழுந்து நடமாடுபவருக்கு மேல்தொடை போதும். நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்கு ஆணுறுப்பை மேல்நோக்கி வைத்து, குழாயை அடிவயிற்றில் ஒட்டுவதே நல்லது. ஏனெனில் குழாய் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக் கொண்டிருந்தால், மாதங்கள் செல்லச் செல்ல உறுப்பின் நுனி அடிப்பக்கமாகக் கிழிந்து பிளந்துவிடும். அப்படிப் பிளந்ததை நான் கண்டிருக்கிறேன்; அது தானாக ஆறிக் கூடுவதில்லை. கழுவுவதற்காக முன்தோலைப் பின்னால் தள்ளினால், கழுவி முடித்தவுடன் அதைப் பழையபடி முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மறந்துவிட்டால் அது இறுகி வீங்கி, நுனிக்கு இரத்தம் செல்வதையே தடுத்துவிடும்.

இனி ஒட்டும் முறை. கைகளைச் சோப்பால் கழுவிக் கொள்ளுங்கள். நோயாளியின் காலை முழுமையாக நீட்டச் செய்து, குழாய் இயல்பாக எங்கே வந்து படிகிறதோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மடக்கிய காலில் இடம் பார்த்து ஒட்டினால், கால் நீளும்போது குழாய் விறைத்துக்கொள்ளும். அந்த இடத்தை வெதுவெதுப்பான நீராலும் மென்மையான சோப்பாலும் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். பவுடர், எண்ணெய், களிம்பு எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மயிர் அடர்ந்திருந்தால் கத்தரியால் ஒட்ட நறுக்குங்கள். சவரக் கத்தி வேண்டாம், அது கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுச் செல்லும். தோலைக் காக்கும் திரவம், ஸ்பிரிட் கலக்காத வகை, மருந்துக் கடையில் துடைப்பானாகவோ தெளிப்பானாகவோ கிடைத்தால், மெல்லப் பூசி அது முழுக்கக் காயும்வரை பொறுத்திருங்கள். ஈரத்தின்மேல் ஒட்டிய டேப் அன்று மாலையே சுருண்டு வந்துவிடும்.

இரண்டு அங்குல அகலமுள்ள காகித டேப்பில், அதாவது எல்லாரும் மைக்ரோபோர் என்று கேட்டு வாங்குவதில், முதலில் ஒரு துண்டை வெட்டி, அதன் நான்கு முனைகளையும் வட்டமாகக் கத்தரித்து, தோலில் அடித்தளமாக ஒட்டுங்கள். கூர்முனை துணியில் உரசி முதலில் பெயரும். வட்டமுனை அவ்வளவு எளிதில் பெயராது. ஒட்டும்போது டேப்பை இழுக்காமல், தோலின்மேல் கிடத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவுங்கள். இழுத்து ஒட்டிய டேப் ரப்பர் போல மீண்டும் சுருங்கப் பார்க்கும், அந்தச் சுருக்கம் மேல்தோலைக் கூடவே இழுத்துக் கொப்புளம் எழுப்பும். பிறகு அதைவிட நீளமான இன்னொரு துண்டை எடுத்து, அதன் நடுப்பகுதியைக் குழாயின் மேலாகப் போட்டு, குழாயைச் சுற்றிக் கீழே கொண்டுவந்து, பசைப்பக்கம் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டும்படி கிள்ளிவிடுங்கள். இப்போது குழாய் ஒரு சிறு காம்பின் மேல் நிற்பது போல இருக்கும். காம்பின் இரு பக்கமும் மிஞ்சிய சிறகுகளை அடித்தளத்தின் மேல் விரித்து ஒட்டுங்கள். குழாயைத் தோலோடு சேர்த்துத் தட்டையாக ஒட்டுவதைவிட இது பல மடங்கு மேல். குழாய் தோலை அழுத்தாது, சற்று அசைய இடம் இருக்கும், டேப் சுற்றிலும் பிடித்திருப்பதால் வழுக்காது. கடைசித் துண்டின் ஒரு முனையை மட்டும் அரை அங்குலம் உள்ளே மடித்துவிட்டால், கழற்றும் நாளில் நகத்தால் சுரண்டித் தேட வேண்டியிருக்காது.

குழாய் இரண்டாகப் பிரியும் கவையை ஒட்டிய கெட்டியான பகுதியில் இந்தப் பிடிப்பு அமைய வேண்டும். பலூனுக்கு நீர் ஏற்றும் சிறு கிளை டேப்புக்குள் மறைந்துவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். குழாயை எடுக்க வரும் செவிலியருக்கு அதுதான் வாசல். நுழைவாய்க்கும் பிடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத் தொய்வு விட்டு, காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, ஒருக்களித்துப் படுக்கச் செய்து ஒரு முறை பாருங்கள். மூன்று நிலையிலும் தொய்வு மிஞ்சினால் அது சரியான பிடிப்பு. பை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பாதியைத் தாண்டியதும் காலி செய்துவிடுங்கள்.

கடையில் கிடைக்கும் பிடிப்பான்கள்

டேப்பைத் தவிர இரண்டு வகை உண்டு. ஒன்று, நுரைப்பட்டையின் மேல் பிளாஸ்டிக் பூட்டு பொருத்திய ஒட்டுப் பிடிப்பான். பூட்டைக் கதவு போலத் திறந்து குழாயின் கவையை உள்ளே வைத்து மூடிவிடலாம்; பூட்டு சுழலும் வகையாக இருந்தால் நோயாளி புரளும்போது குழாயும் கூடவே திரும்பும். தோலை மேலே சொன்னபடி தயார் செய்து ஒட்டினால் ஒரு வாரம் வரை தாங்கும். அதற்கு முன்பே ஓரம் பெயர்ந்தாலோ நனைந்து ஊறினாலோ மாற்ற வேண்டும். உறையில் குறிப்பிட்ட குழாய் அளவு உங்கள் குழாயோடு பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். மற்றொன்று, தொடையைச் சுற்றிக் கட்டும் அகலமான மீள்பட்டை. இதில் பசை இல்லை, வெல்குரோ மட்டும்தான். கட்டியபின் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

எது நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். எழுந்து நடமாடி, தோட்டம் வரை போய் வருபவருக்கும் வியர்வை மிகுந்தவருக்கும் நான் மீள்பட்டையையே சொல்வேன். காலில் வீக்கம் உள்ளவருக்கும் இரத்த ஓட்டம் குறைந்த சர்க்கரை நோயாளிக்கும் காலைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது. அவர்களுக்கு ஒட்டுப் பிடிப்பானோ டேப்போதான். தோல் மிக மெலிந்துபோன முதியவருக்குச் சிலிக்கோன் பசை கொண்ட டேப் விலை கூடுதலானாலும் அதையே வாங்கச் சொல்கிறேன். அது தோலின் மேல்படலத்தைப் பெயர்த்துக்கொண்டு வருவதில்லை, எடுத்த இடத்தில் மீண்டும் ஒட்டவும் செய்யலாம். ரப்பர் பேண்ட், செல்லோடேப், மின்கம்பி சுற்றும் கறுப்பு டேப், பாவாடை நாடா, குழாயையே துளைக்கும் ஊக்கு ஆகிய இவை அனைத்தையும் நான் வீடுகளில் பார்த்திருக்கிறேன். அன்போடு செய்தவைதான், ஆனால் ஒவ்வொன்றும் குழாயை நெரிக்கும் அல்லது தோலைக் கெடுக்கும்.

கழற்றுவது

ஒட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் தோல் அதிகம் பாழாகிறது. வடகரப்பதிப் பக்கம் ஒரு பனந்தோப்பு வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டிக்கு டேப் மாற்றப் போயிருந்தேன். முன்பு யாரோ அவசரத்தில் பிய்த்த இடத்தில், வெங்காயச் சருகு உரிந்தது போல ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் போய், சிவந்த ஈரச்சதை தெரிந்தது. “அம்மிணி, ஒரே இழுப்பா இழுத்துப் போடு, வலி ஒருக்கா வந்து போயிரட்டும்” என்றார். “அவசரமில்லைங்க ஆத்தா” என்று சொல்லிவிட்டு, ஒரு ஓரத்தை மட்டும் தூக்கி, தேங்காயெண்ணெயில் தோய்த்த பஞ்சை அதன் அடியில் வைத்துக் கொண்டு காத்திருந்தேன். அதை எடுத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர் நடுவில் தன் பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

முறை இதுதான்: டேப்பை மேல்நோக்கித் தூக்கி இழுக்காமல், அதன்மேலேயே மடித்து, தோலுக்கு இணையாக, மயிர் வளரும் திசையில் மெல்ல உருட்டிச் செல்லுங்கள். மற்றொரு கையின் விரல்கள் டேப் பிரியும் இடத்துக்குப் பின்னாலேயே தோலை அழுத்திப் பிடித்துக் கொண்டே வரட்டும். பசை விடாவிட்டால் எண்ணெயோ, குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயோ தொட்டுக் கொள்ளலாம். ஆனால் மஞ்சள் நிற ரப்பர்க் குழாயின்மேல் எண்ணெய் வழியக் கூடாது, அது ரப்பரை அரித்து வலுவிழக்கச் செய்யும். முடிந்ததும் எண்ணெய்ப் பசை போகச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தாமல் புது டேப் ஒட்ட வேண்டாம். பூட்டு வைத்த பிடிப்பானை எடுக்க, முதலில் பூட்டைத் திறந்து குழாயை விடுவித்து, உறையில் சொன்னபடி ஸ்பிரிட் பஞ்சால் நுரைப்பட்டையின் ஓரங்களை நனைத்து நனைத்துக் கரையவிடுங்கள். எடுத்த இடத்தில் சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டால் கவலையில்லை. அதற்கு மேலும் நின்றாலோ கொப்புளமோ உரிதலோ இருந்தாலோ அது பசையால் வந்த காயம். அந்த இடத்தை ஆறவிட்டு, மறு தொடையைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் வட்டாரத்துக் காலநிலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியை எட்டும் நாட்களில் வியர்வை டேப்பின் அடியில் தேங்கி, தோல் ஊறி வெளுத்துவிடும். அப்போது காற்றுப் புகும் காகித டேப்பும் இரண்டு நாளைக்கு ஒரு முறை மாற்றுவதும் தேவைப்படும். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றில் முதியவர்களின் தோல் வெடித்துப் பொருபொருத்துக் கிடக்கும். கை, கால் முழுவதும் எண்ணெயோ களிம்போ தடவுவது நல்லதுதான், டேப் ஒட்டும் இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

மூக்குக் குழாய்

இங்கிலாந்து மருத்துவர் ஜான் ரைலின் பெயரால் ரைல்ஸ் டியூப் என்று வழங்கும் உணவுக் குழாயில் ஆபத்து வேறு வகையானது. சிறுநீர்க் குழாய் நகர்ந்தால் இரத்தம் வரும், கண்ணுக்குத் தெரியும். மூக்குக் குழாய் சிறிது மேலே வந்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமல், ஊற்றும் கஞ்சி நுரையீரலுக்குப் போகக்கூடும். ஆகவே குழாய் போட்ட அன்றே, மூக்குத் துளையின் விளிம்பில் குழாயின்மேல் அழியாத பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தின் சென்டிமீட்டர் அளவைச் சுவரில் நாட்காட்டியின் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேளையும் ஊற்றுவதற்கு முன் கோடு விளிம்பில்தான் இருக்கிறதா என்று பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் குழாய் சுருண்டு கிடக்கவில்லை என்பதையும் உறுதி செய்து கொள்ளுங்கள். கோடு விலகியிருந்தால், வாந்தி எடுத்திருந்தால், ஊற்றும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தால், ஒரு சொட்டும் மேற்கொண்டு ஊற்றாமல் செவிலியரை அழையுங்கள். உறிஞ்சி எடுத்த இரைப்பை நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்கு மேற்படாமல் இருப்பதைத் தாள் கொண்டு பார்க்க அவர் கற்றுத் தருவார். காற்றை உட்செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை நம்ப வேண்டாம். குழாய் தவறான இடத்தில் இருக்கும்போதும் அந்தச் சத்தம் கேட்கக்கூடும்.

ஒட்டுவதற்கு ஒரு அங்குல அகல டேப்பில் எட்டு சென்டிமீட்டர் நீளம் வெட்டி, பாதி நீளத்துக்கு நடுவே பிளந்துவிடுங்கள். கால்சட்டை போன்ற வடிவம் வரும். மூக்கின் மேல் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அதிகம் சுரப்பதால், சோப்புத் துணியால் துடைத்து உலர்த்திய பின்னரே ஒட்ட வேண்டும். பிளக்காத பகுதி மூக்குத் தண்டின் மேல் படியட்டும். ஒரு காலைக் குழாயின்மேல் வலஞ்சுழியாகவும், மற்றதை இடஞ்சுழியாகவும் சுற்றிக் கீழே இறக்குங்கள். குழாய் துளையின் நடுவிலிருந்து நேராகக் கீழ்நோக்கி வர வேண்டும். நெற்றிப் பக்கம் தூக்கி ஒட்டினால் மூக்கின் விளிம்பை அது அறுத்துப் புண்ணாக்கிவிடும், அந்தப் புண் ஆறுவது பெரும் பாடு. பிறகு கன்னத்தில் ஒரு காம்புப் பிடிப்பு, அங்கிருந்து காதின் பின்பக்கமாகக் கொண்டுபோய், தலையைத் திருப்பத் தொய்வு விட்டு, குழாயில் சுற்றிய டேப்பின் வாலை மட்டும் சட்டையில் ஊக்கால் குத்தலாம். இந்த டேப்பை நாள்தோறும் மாற்றி, மூக்கின் விளிம்பில் சிவப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மாற்றும்போது ஒருவர் குழாயைக் கோட்டின் இடத்தில் விரலால் பிடித்துக் கொண்டே இருக்க வேண்டும். தனியாகச் செய்ய வேண்டாம். நினைவு தப்பிய நோயாளி குழாயைப் பிடுங்கினால் கையைக் கட்டிப் போடுவதற்கு முன், குழாய் அவர் பார்வையிலும் விரலிலும் படாதபடி காதின் பின்னால் கொண்டுபோயிருக்கிறோமா என்று பாருங்கள். பல வேளை அதுவே போதுமாகிறது.

மற்ற குழாய்கள்

வயிற்றில் நேரடியாகப் போட்ட உணவுக் குழாயின் வெளித்தட்டு தோலை அழுத்தாமல் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரை இடைவெளி விட்டு நிற்க வேண்டும்; தொங்கும் வாலை வயிற்றில் காம்புப் பிடிப்பால் ஒட்டி, திசையை அவ்வப்போது மாற்றுங்கள். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுப் போட்ட குழாயின் நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும், புது நாடாவைக் கட்டி முடிக்காமல் பழையதை வெட்டக் கூடாது, இருவர் இல்லாமல் தொடவே கூடாது. இரத்த நாளத்தில் போட்ட ஊசிக் குழாயையும் கைவழியாக நெஞ்சுவரை செல்லும் நீள்குழாயையும் மூடிய ஒளி ஊடுருவும் ஒட்டுத்தாளைப் பிரிப்பது செவிலியரின் வேலை. உங்கள் வேலை, அந்தத் தாளின் ஊடே தினமும் பார்த்து, சிவப்போ வீக்கமோ சீழோ ஈரமோ ஓரம் பெயர்வதோ தெரிந்த அன்றே சொல்வது. நீள்குழாயின் தாளை ஏழு நாளைக்கு ஒரு முறையும், பஞ்சுத் துணி வைத்து மூடியிருந்தால் இரண்டு நாளைக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டும் என்பதைக் குறித்து வைத்துக் கொண்டு, செவிலியர் வர வேண்டிய நாளை நீங்களே நினைவூட்டலாம்.

குழாய் முழுவதும் வெளியே வந்துவிட்டால், வீட்டில் யாரும் அதைத் திரும்ப நுழைக்க முயல வேண்டாம். சிறுநீர்க் குழாய் பலூனோடு வந்திருந்தால் அதைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பலூன் முழுதாக இருக்கிறதா என்று அவர் பார்க்க வேண்டும். வயிற்றுக் குழாய் வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும் என்பதால், சுத்தமான துணியால் மூடிக் கொண்டு உடனே புறப்படுங்கள். கழுத்துக் குழாய் வந்தால் காத்திருக்க நேரமே இல்லை, 108-ஐ அழையுங்கள். எதுவும் வெளியே வராமல், குழாயும் மடங்காமல், பையும் தாழ்வாகவே இருந்தும் சில மணி நேரமாகச் சிறுநீர் இறங்காமல் அடிவயிறு கெட்டிப்பட்டால், அதையும் அவசரமாகவே கருதிப் புறப்பட வேண்டும். புறப்படும்போது, வண்டியில் ஏறுவதற்கு முன்னும் இறங்குவதற்கு முன்னும், பையை நோயாளியின் கையிலோ மடியிலோ கொடுக்காமல் கூட வருபவர் ஒருவர் தாழ்வாகப் பிடித்துக் கொண்டு, கொக்கி எதிலும் மாட்டவில்லை என்று பார்த்த பிறகே அவரை நகரச் சொல்லுங்கள்.